2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீல டிக் விழுந்தால் படித்ததாகவே எடுத்துக்கொள்வேன்.

சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றங்களும் பொங்கல் கோலப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு நீர்மோர் கொடுத்தோம். தெருவிளக்குக்காக மாநகராட்சியில் மனு கொடுத்ததில் சில விளக்குகள் எரிகின்றன. வாய்க்கால் அப்படியே இருக்கிறது.

அடுத்து முச்சந்திக் கரும்பலகை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "விளக்கு, குப்பை, நாய்த் தொல்லை, இதையெல்லாம் விட்டுட்டு செயலாளருக்கு ஏன் இந்த வேலை?" என்று டீக்கடையில் பேச்சு அடிபடுகிறது. கூட்டத்துக்கு வந்து கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் கொசுப்புகை வண்டி தெருவுக்குள் வந்தது. நம் உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு ஆட்டிசம். அந்தச் சத்தத்தில் பையன் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோத ஆரம்பித்துவிட்டான். ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் உதவினோம். மீதிப் பேர் "நாலு சாத்து சாத்தினா சரியாப்போயிடும்" என்று யோசனை சொன்னார்கள். அவன் அம்மா பிறகு என்னிடம் சொன்னார்: "வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா அவனைத் தயார் பண்ணிடுவேன் சார். திடீர்னு வர்றதுதான் அவனால முடியல."

அதிலிருந்துதான் பலகை வந்தது. மறுநாள் மின்தடை உண்டா, தண்ணீர் எத்தனை மணிக்கு, கோயிலில் மைக்செட் எப்போது கட்டுகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று எல்லாவற்றையும் முந்தின நாள் சாயங்காலமே எழுதிவிடுகிறோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற விதி, நான் போட்டது அல்ல. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க அரசு அனுமதித்த காலை 6–7, இரவு 7–8 என்ற நேரத்தையும் எழுதினோம். அதை மதித்தவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் யார் என்பது தெருவுக்கே தெரியும்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. கரண்ட் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. பலகை வேண்டாம் என்றவர்களும் அந்த நாட்களில் அதன் முன்தான் நின்றார்கள். அந்தப் பையன் தினமும் வந்து "நாளை பள்ளி இல்லை" என்ற வரியை உரக்க வாசித்துவிட்டுப் போவான். தெளிவாகத் தெரிந்துவிட்டதால் அவன் அமைதியாக இருந்தான். பலகையில் "வீடு வாடகைக்கு" என்று எழுதிப் போகிறவர், அதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 10, உலக மனநல நாளில் மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தோம். ஆட்டிசமும், கவனம் நிலைக்காமலும் ஓயாத துறுதுறுப்பாகவும் இருக்கும் ஏ.டி.எச்.டி.யும் மூளை வளரும் விதத்தில் வருவன, வளர்ப்புக் குறையால் வருவதில்லை என்றார். பெண் குழந்தைகள் சத்தம் போடாமல் இருந்துவிடுவதால் பல நேரம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை என்றும் சொன்னார். ஏ.டி.எச்.டி. பெரியவர்களிடமும் தொடரக்கூடும். ஆனால் அறிகுறிகள் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், வீட்டில் மட்டுமின்றி வேறு இடங்களிலும் தெரிய வேண்டும். சந்தாவை மட்டும் மறப்பது இதில் சேராது என்பது என் சொந்த முடிவு.

போட்ட நாற்காலிகளில் பெரும்பாலானவை காலி. ஆனால் அதற்கடுத்த வாரங்களில், இருட்டிய பிறகு, கொல்லைப்பக்கமாக வந்து "அந்த டாக்டர் எங்க பார்ப்பார்?" என்று கேட்டவர்கள் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட அதிகம். ஒருவருக்குத் தூக்கமில்லை, ஒருவருக்கு மருமகளைப் பற்றிக் கவலை, ஒருவருக்குக் கல்லூரியில் படிக்கும் மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. பெயர்கள் என்னோடு இருக்கும். எல்லோருக்கும் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் மூன்றும் உண்டு. ஏ.டி.எச்.டி. அதில் தனியாக இல்லை, அலைந்து வந்த பெற்றோர் வழியாகத்தான் அது எனக்குத் தெரிந்தது. எழுத்துக்கூட்டித் திணறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்க வழி இருக்கிறது. விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கியபின் எடுத்துவராதீர்கள். 18 வயது நிறைந்த பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் தேவைப்படுவோரும் முன்கூட்டியே என்னைப் பாருங்கள், விண்ணப்பப் படிவங்கள் என் வீட்டில் இருக்கின்றன.

கணக்கு: வரவு செலவைவிடச் சற்றுக் கூடுதல். பலகைக்கும் சுண்ணாம்புக் கட்டிக்கும் ஆன செலவைப் பெரிதுபடுத்துகிறவர்கள் புயல் நேரத்து ஜெனரேட்டர் வாடகையை மறந்துவிட்டார்கள். ரசீதுகள் பொருளாளரிடம், சில என்னிடம். பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் சந்தா பாக்கி. இரவில் வந்தவர்களின் பெயரைச் சொல்லமாட்டேன் என்றேன், சந்தா பாக்கிக்கு அந்த வாக்குறுதி இல்லை. பலகையில் கீழ்ப்பாதி காலியாகத்தான் இருக்கிறது.

தலைவருக்கும், நாற்காலி கொடுத்த கல்யாண மண்டபத்தாருக்கும், குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டிய மைக்செட்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி. மூட்டுவலி இருக்கிறது, வீட்டிலும் கேட்கிறார்கள். ஆனால் வருகிறவர் சாயங்காலம் ஆறு மணிக்குப் பலகை எழுதவேண்டும், ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. சங்க அறையின் பின்கட்டை, திருவிழாச் சத்தத்தில் தவிக்கும் பிள்ளைகள் வந்து உட்கார ஒரு இடமாக மாற்ற எண்ணம். ஒரு மின்விசிறி, பாய், கனமான திரைச்சீலை போதும். விசிறி தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். திரைச்சீலைக்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

அறிக்கையையும் கணக்கையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம், கடலூர்