ஏரி மண்ணில் கொஞ்சம் கொசப்பேட்டைக்கு

ஏரிகளைத் தூர்வாரும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

சென்னை கொசப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். குயவர் பேட்டைதான் பேச்சில் இப்படி ஆனது. புரசைவாக்கம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது நெரிசலான இன்னொரு தெருவாகத்தான் தெரியும். ஆனால் ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு பொம்மை, கார்த்திகையில் அகல், மார்கழியில் பொங்கல் பானை என்று எங்கள் வருஷம் இன்னும் மண்ணோடுதான் ஓடுகிறது.

பிரச்சினையே அந்த மண்தான். என் மாமியார் களிமண் மிதிப்பதை ஒரு நாள் காலையில் வந்து பாருங்கள். முன்பெல்லாம் வேரும் நத்தை ஓடும் அகப்படும், ஊறவைத்துக் கரைத்து வடிகட்டினால் சரி. இப்போது வருவது பால் கவர், ஊசி, பாட்டில் சில்லு. செருப்பு போட்டு மிதித்தால் பதம் தெரியாது என்று வெறுங்காலில்தான் நிற்பார். போன மாதம் குதிகாலில் கண்ணாடி ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் மிதித்தார். கட்டட இடிபாட்டின் சுண்ணாம்புத் துணுக்கு இன்னும் மோசம். சூளையில் வெந்து நன்றாகத்தான் வெளியே வரும். அப்புறம் ஈரத்தைக் குடித்து உப்பி, பானையின் வயிற்றிலிருந்து சில்லாகத் தெறிக்கும். விற்ற பானை திரும்பி வரும்போது நாங்கள் என்ன பதில் சொல்வது?

மண் கெட்டது இப்படித்தான்: ரெட்டேரி, கொரட்டூர் ஏரிகளைச் சுற்றி வீடுகள் பெருகின, கழிவுநீர் உள்ளே போனது. குடியேறியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் எங்களைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான்.

பிள்ளையார் சிலைக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது, களிமண்தான் வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் சொன்னது. வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகளும் குயவர்களும் ஏரி மண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்று 2024-ல் அரசு வழிசெய்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் நகரத்துக்குள் இருக்கும் நாங்கள் எங்கே போய் அள்ளுவது? பக்கத்தில் ஓட்டேரி இருக்கிறது, அதன் பேரில் மட்டும்தான் ஏரி.

ஒன்றுதான் கேட்கிறோம். தூர்வாரும்போது மேலே கிடக்கும் குப்பையும் அடியில் இருக்கும் நல்ல களிமண்ணும் ஒரே லாரியில் போக வேண்டாம். களிமண்ணைத் தனியாகக் குவித்து, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். லாரி வாடகையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த வேலை எந்த ஏரியில், என்றைக்கு என்று தெரிந்தால் அத்தையை ஆட்டோவில் அழைத்து வருகிறேன். ஒரு பிடி எடுத்து விரலில் திரித்துப் பார்த்தே எது பானைக்கு, எது பொம்மைக்கு என்று சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
கொசப்பேட்டைக் குயவர் வீட்டு மருமகள்