கார்த்தி குடிக்கிறான் என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி, மற்றபடி சௌக்கியம்.

கார்த்தி விஷயத்துக்கு வருகிறேன். அவன் பையில் குவாட்டர் பாட்டிலைப் பார்த்ததிலிருந்து தங்கச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை, "நாங்க என்னடா குறை வச்சோம்" என்று எழுதியிருந்தாய். குறை வைத்தால்தான் குடிப்பான் என்று யார் சொன்னது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் நான்கில் ஒருவர் குடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேருமா வாழ்க்கை வெறுத்துப்போய்க் குடிக்கிறார்கள்?

எங்கள் மாடி போர்ஷனில் ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற பையன்கள் இருக்கிறார்கள். சம்பளம் வந்த ராத்திரி பிரியாணி, சிப்ஸ், யாருக்காவது பிறந்தநாள் என்றால் முகமெல்லாம் கேக். பத்து மணிக்குக் கடையை மூடிவிடுவான் என்று ஒருவன் பைக்கை முறுக்கிக்கொண்டு ஓடுவான். காலையில் எல்லோரும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். உடம்புக்கு நல்லதில்லைதான். ஆனால் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டால் "ஜாலியா இருக்கு அங்கிள்" என்பார்கள், அது பொய்யும் இல்லை.

அதே மாடியில் இன்னொருவன். மெக்கானிக்கல் டிப்ளமோ, கான்ட்ராக்ட் வேலை. இவனுக்குப் பிறகு சேர்ந்தவனைப் பெர்மனன்ட் ஆக்கிவிட்டார்கள். லீவு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணி பாட்டிலிலேயே கலந்து, செல்லைப் பார்த்தபடி தனியாகக் குடிக்கிறான். "நைட் ஷிப்ட் முடிஞ்சு படுத்தா மண்டைக்குள்ள ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு அங்கிள், இது போட்டாதான் தூக்கம்" என்றான்.

எட் டீனர் என்ற உளவியல்காரரும் கூட இருந்தவர்களும் 1985-இல், ஒருவர் தன் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார் என்று அளக்க ஐந்தே வாக்கியங்களில் ஒரு அளவுகோல் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க் போடணும். கடைசி வாக்கியம் கிட்டத்தட்ட இப்படி: மறுபடி முதலிலிருந்து வாழக் கிடைத்தாலும் எதையும் பெரிதாக மாற்ற மாட்டேன். சும்மா மாடிப் பையன்களிடம் கேட்டுப் பார்த்தேன். பைக் பையன் "வண்டியை மட்டும் மாத்துவேன்" என்றான். டிப்ளமோக்காரன் சிரித்துவிட்டு, "எதை விடுறது அங்கிள்?" என்றான். எனக்குப் பயம் இவனை நினைத்துத்தான்.

ஏன் குடிக்கிறார்கள் என்பதை உளவியலில் நான்காகப் பிரிக்கிறார்கள்: கூட்டத்தின் கலகலப்புக்கு, போதையின் சுகத்துக்கு, மற்றவர்கள் ஒதுக்கிவிடக் கூடாதே என்று, அப்புறம் மனக்கஷ்டத்தை மறக்க. இந்த நான்காவதுதான் பிரச்சினையில் போய் முடிவது அதிகம். படுத்ததும் தூக்கம் வரும், உண்மை. ஆனால் பாதி ராத்திரிக்கு மேல் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். காலையில் படபடப்பு, எரிச்சல், வேலையில் தப்பு, மேஸ்திரியிடம் திட்டு. நேற்று இருந்த கவலைக்கு மேல் இன்று இன்னொன்று, அதற்கும் ராத்திரி அதே மருந்து. வாழ்க்கை கசந்து குடித்தானா, குடித்ததால் கசந்ததா என்று ஒரு வருஷம் போனால் அவனுக்கே தெரியாது.

அதனால் "ஏன்டா குடிக்கிற?" என்று கேட்காதே. பொய்தான் வரும். யாரோடு, எப்போது, மறுநாள் எப்படி இருக்கிறான் என்று பார். சிநேகிதர்களோடு எப்போதாவது என்றால், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று கறாராகச் சொல். தங்கச்சியை அழ விடாதே, அழுகையைப் பார்த்தால் ஒளித்துக் குடிக்கத்தான் கற்றுக்கொள்வான். தனியாக, தூக்கத்துக்காக என்றால் தள்ளிப்போடாதே. டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி போன் இருக்கிறது, நம்பர் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அவன் கூப்பிடாவிட்டால் நீ கூப்பிட்டுப் பேசு. அந்த வேலை விஷயம் என்ன ஆச்சு? இன்டர்வியூ போய் வந்தான் என்றாய், அப்புறம் ஒன்றும் எழுதவில்லையே. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு வருகிறேன். கார்த்தியை லீவு போடச் சொல், என்னைச் சுருளி வரைக்கும் வண்டியில் கூட்டிப்போகட்டும். பாட்டிலைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அவனிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

அன்புடன்,
சேகர்