கண்ணாடி அலமாரியில் இருக்கும் பழைய மோட்டார்களைப் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருக்கும், பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் மாதிரி ராக்கெட்டுகளின் பழைய மோட்டார்களைக் கேட்டு வாரத்துக்கு நாலு பேராவது வருகிறீர்கள். "ஒன்றே ஒன்று கொடுங்கள், என்ன விலையானாலும் சரி" என்பவர்களையும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிலருக்கு அதில் வருத்தம் என்று தெரியும். கடை நேரத்தில் நின்று விளக்க முடிவதில்லை, அதனால்தான் இந்த மடல்.

அவை எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவருடையவை. போன வருடம் அவர் காலமான பிறகு, அவருடைய மகள் ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மும்மூன்றாக அடைத்த அட்டைக் குழல்கள். ஒவ்வொரு மோட்டாரும் விரல் நீளக் காகித உறை, 18 மில்லிமீட்டர் குறுக்களவு, ஒரு முனையில் புகை பீறிட்டு வெளியேறும் களிமண் வாய், அதாவது நாசில். ஒற்றை அடுக்கு ராக்கெட்டுக்குப் பச்சை எழுத்து, மேலடுக்குக்கு ஊதா, கீழடுக்குக்குச் சிவப்பு. சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைக்கூட மனிதர் தூக்கிப் போடவில்லை. மூடியைத் திறந்ததும் தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவில் அடிக்கும் அதே கந்தக வாடை. வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்துதானே, வேறு எப்படி இருக்கும்?

அதிகம் பேர் கேட்பது பி14 என்ற ரகம். எழுத்து மொத்தச் சக்தியின் வகுப்பு, எண் சராசரித் தள்ளுவிசை. பழைய ஆட்கள் அதை பி3 என்பார்கள். முதலில் தள்ளுவிசையைப் பவுண்டில் எழுதினார்கள், பிறகு நியூட்டனுக்கு மாற்றியபோது 3 என்பது 14 ஆனது. பி வகுப்பில் மொத்தக் கணத்தாக்கு, அதாவது தள்ளுவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு, 5 நியூட்டன்-வினாடிக்கு மேல் போகாது. இன்றைய பி6 அதை ஏறக்குறைய ஒரு வினாடி வரை இழுத்துச் செலவழிக்கும். பி14 அரை வினாடிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சாதாரண மோட்டாரில் மருந்து ஊதுவத்தி மாதிரி ஒரு முனையிலிருந்து எரிந்துகொண்டு போகும். பி14-இல் நடுவே ஆழமான துளை இருந்ததால், துளையின் சுவர் முழுக்க ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும். கனமான ராக்கெட்டும் ஏவுகம்பியை விட்டு எகிறிப் போகும். கண்ணால் பின்தொடர முடியாது, "ஸ்ஸ்ப்" என்ற சத்தமும் புகைக் கோடும்தான் மிச்சம். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், நியாயம்தான். 1980 வாக்கில் அது நின்று, அதன் இடத்துக்கு வந்த பி8-உம் பிறகு நின்றுபோனது.

மெதுவாக எரியும் எஃப்7 என்ற பெரிய மோட்டாரைத் தேடி வருகிறவர்களும் உண்டு. எனக்கு என்னவோ பி14 மேல்தான் பிரியம்.

ஏன் நிறுத்தினார்கள் என்று கோபிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மோட்டார்கள் கையால் உருட்டியவை அல்ல. 1959-இல் எஸ்டஸ் மாதிரி ராக்கெட் நிறுவனத்தைத் தொடங்கிய வெர்ன் எஸ்டஸ், கொலராடோவின் டென்வரில் ஓர் இயந்திரம் கட்டினார், அதற்கு மேபெல் என்று செல்லப் பெயர். அஞ்சரை வினாடிக்கு ஒரு மோட்டார் அழுத்தித் தள்ளும். 1961-இல் தொழில் தெற்கே பென்ரோஸ் என்ற சிற்றூருக்குப் போனது. இப்படி ஓடும் இயந்திரத்தை நிறுத்தி, துளை போடும் ஊசியையும் அச்சையும் மாற்றி, சில நூறு பேருக்காக ஒரு ரகம் போடுவது எந்த முதலாளிக்கும் கட்டாது. நானே கடை வைத்திருக்கிறேன், எனக்குப் புரிகிறது.

சரி, இருப்பதையாவது விற்கக் கூடாதா? போன இலையுதிர் காலம் வரை எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. என் வீட்டு கராஜில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்த ஒரு பழைய மோட்டாரை எடுத்து, நானே கட்டிய ராக்கெட்டில் போட்டேன். பழைய முறைப்படி, மின்சாரம் பாய்ந்தால் சிவக்கச் சூடாகும் நிக்ரோம் கம்பியை வளைத்து நாசிலுக்குள் விட்டு, காகித உருண்டையால் அடைத்தேன். பொத்தானை அழுத்தினேன். ராக்கெட் ஓர் ஆள் உயரம்கூட ஏறவில்லை. வேட்டுச் சத்தம், புகை, அப்புறம் புல்லில் அட்டைத் துண்டுகள். களிமண் நாசில் எங்கே போனது என்று கடைசி வரை கிடைக்கவில்லை. பதினைந்து அடி தள்ளி நின்றதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தப்பு மோட்டாரைச் செய்தவர்களுடையது இல்லை, கராஜில் போட்டுவைத்த என்னுடையது.

நடந்தது இதுதான். கருமருந்துக்கு வயதாவது பெரிய விஷயமில்லை, சூடும் குளிரும் மாறி மாறி வருவதுதான் எமன். கொலராடோ கராஜ் கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி. மருந்துக்கட்டியும் காகித உறையும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. நாளாவட்டத்தில் இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும், கட்டியில் விரிசலும் விடலாம். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு போலவே இருக்கும். தீ வைத்ததும் சுடர் அந்தச் சந்து வழியாக உள்ளே ஓடி, எரியக் கூடாத பக்கத்தையும் எரிக்கும். அழுத்தம் தாங்காமல் உறை வெடிக்கும். அந்தச் செருப்புப் பெட்டி ஐம்பது வருடம் எங்கெங்கே இருந்தது என்று மகளுக்கே தெரியாது. எனக்குத் தெரியாததை உங்கள் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி இருந்தால் சுடாதீர்கள், உடைத்தும் பார்க்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் உறை ஊறிப் பிய்ந்து வரும் வரை போட்டுவையுங்கள், பிறகு குப்பையில் சேர்க்கலாம். நினைவுக்கு வேண்டுமென்றால் அட்டைக் குழலை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வரைபடத்தில் பி14 என்று போட்ட ராக்கெட்டைக் கட்டுகிறவர்கள் சி5-3 என்ற சி வகுப்பு மோட்டாரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஒரு காலத்தில் நின்றுபோனதுதான், சில வருடங்களுக்கு முன் திரும்ப வந்தது. ஆரம்ப உதை நன்றாக இருக்கும், கனமான ராக்கெட்டையும் தூக்கும். பி14 ஆகாது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன். வாங்கும் முன் ராக்கெட்டைக் கொண்டுவாருங்கள், கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

பெட்டியில் இருந்த வெற்றுக் கூடுகளில் பி14 மட்டும் முப்பது சொச்சம் தேறியது. மகளிடம் கேட்டேன், கொடுங்கள் என்றார். ஆளுக்கு ஒன்று, காசு வேண்டாம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கருகே வைத்துப் பார்த்தால் வாடை இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்