கார்டு கையேட்டின் ஆட்9 பக்கங்களில் பிழைகள்: திருத்தம் கோரிப் புகார்

அனுப்புநர்:
கிட்டார், கீபோர்டு ஆசிரியர்கள்,
மேற்கத்திய இசை வகுப்பு, மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
இசைப் பயிற்சி நூல் வெளியீட்டு நிறுவனம், சென்னை.

ஐயா / அம்மையீர்,

உங்கள் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கையேட்டின் 12 பிரதிகளை, கூடவே வரும் ஒலிப்பதிவுடன் வாங்கியிருக்கிறோம். மேஜர், மைனர், செவன்த் பக்கங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்9 கார்டுகளுக்கான 41 முதல் 46 வரையுள்ள பக்கங்களைத்தான் மாணவர் கையில் கொடுக்க முடியவில்லை.

41ஆம் பக்கத்தில் 'சி ஆட்9' என்று போட்டிருக்கும் கிட்டார் படத்தைப் பாருங்கள். ஐந்தாம் தந்தியில் (மெல்லிய தந்திதான் முதலாவது) 3ஆம் ஃப்ரெட், அதாவது கழுத்துப் பகுதியின் 3ஆம் கட்டம். நான்காவதும் மூன்றாவதும் திறந்த தந்திகள். இரண்டாவதிலும் முதலாவதிலும் 3ஆம் ஃப்ரெட். மீட்டினால் வருவது சி, டி, ஜி, டி, ஜி. ஈ எங்கே போயிற்று? சி-யை ச என்று வைத்தால் டி ரி, ஈ க, ஜி ப. காந்தாரம் இல்லாமல் ச, ரி, ப மட்டும் ஒலித்தால் அது சஸ்2 என்ற வேறு கார்டு. ஆட்9 என்றால் ச, க, ப மூன்றும் அப்படியே இருக்க, மேல் ஸ்தாயி ரிஷபம், அதாவது ஒன்பதாவது ஸ்வரம், கூடுதலாக வந்து சேர வேண்டும். நான்காம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில் வைக்க வேண்டிய ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது. ஒரு புள்ளிதானே என்று விட முடியாது; மேஜரா மைனரா என்று காதுக்குச் சொல்வதே அந்த ஸ்வரம்தான்.

அதே பக்கத்தின் 'டி ஆட்9' படத்திலும் இதே கதை: டி, ஏ, டி, ஈ. டி-க்குக் காந்தாரமான எஃப் ஷார்ப் இல்லை. இந்தப் பிடியை ஆட்9 என்று வாய்ப்பேச்சில் சொல்கிறவர்கள் உண்டு. அச்சிட்ட கையேடு அப்படிச் சொல்லலாமா? சரியான பிடி: ஐந்தாம் தந்தியில் 5, நான்காவதில் 4, மூன்றாவதில் 2, இரண்டாவதில் 5, முதலாவதில் 2. ஆள்காட்டி விரலை 2ஆம் ஃப்ரெட்டில் படுக்க வைக்க வேண்டும், சுண்டுவிரல் நன்றாக நீள வேண்டும். புதிதாகப் படிப்பவருக்குக் கடினம்தான். கடினம் என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்காக வேறு கார்டைப் போடாதீர்கள்.

ஒலிப்பதிவில் தவறு வேறு விதம். சி ஆட்9 வாசிக்கும் இடத்தில் பி ஃப்ளாட் தெளிவாகக் கேட்கிறது. கைசிகி நிஷாதம் உள்ளே வந்துவிட்டால் அது சி9. எஃப் கார்டுக்குப் போகச் சொல்லி இழுக்கும். ஆட்9 அப்படி இழுக்காது, இருந்த இடத்திலேயே நிற்கும். '9' மட்டும் எழுதினால் ஏழாவதும் (நிஷாதம்) சேர்ந்தே வரும்; 'ஆட்' என்று முன்னால் போடுவதே ஏழாவது வேண்டாம் என்று சொல்லத்தான்.

மைனர் பக்கத்தில் ஈ மைனர் ஆட்9 கார்டுக்கு ஒன்பதாவதாக எஃப் என்று அச்சாகியிருக்கிறது. வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக எண்ணியிருக்கிறார்கள் போல. கார்டு மைனரானாலும் ஒன்பதாவதை மூல ஸ்வரத்தின் மேஜர் ஸ்கேலிலிருந்துதான் (சங்கராபரண வரிசை) எண்ண வேண்டும்: எஃப் ஷார்ப், அதாவது சதுஸ்ருதி ரிஷபம். எஃப் வைத்தால் சுத்த ரிஷபமாகி, ஈயோடு அரை ஸ்வரத்தில் உரசும். கிட்டாரில் இது சுலபமான பிடி: ஐந்தாம் தந்தியில் 2, நான்காவதில் 4, மற்ற நான்கும் திறந்தவை.

விரல் எண்களையும் பார்க்க வேண்டும். ஜி கார்டிலிருந்து சி ஆட்9 கார்டுக்கு மாறும் பயிற்சியில் ஐந்தாம் தந்திக்கு மோதிர விரலைக் குறித்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் கை முழுவதும் எடுத்து வைக்க வேண்டியதாகிறது, தாளம் அறுந்துபோகிறது. நான்கு விரல் ஜி பிடியில் இரண்டாம், முதல் தந்திகளின் 3ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் மோதிர விரலும் சுண்டுவிரலும் அசையவே கூடாது. நடுவிரல் ஆறிலிருந்து ஐந்தாம் தந்திக்கும், ஆள்காட்டி விரல் ஐந்திலிருந்து நான்காம் தந்திக்கும் இறங்கினால் போதும். நடுவிரல் நுனி ஆறாம் தந்தியை லேசாகத் தொட்டு அடக்க வேண்டும். படத்தில் ஆறாம் தந்திக்கு மேல், மீட்டக் கூடாது என்று காட்டும் பெருக்கல் குறியும் இல்லாததால், அடியில் ஈ ஒலித்து கார்டின் கால் நழுவுகிறது.

கீபோர்டு படம் நான்கு ஸ்வரங்களையும் இடக்கையில், நடு சி கட்டைக்கு இரண்டு ஸ்தாயி கீழே நெருக்கி வைக்கச் சொல்கிறது. அங்கே சி, டி, ஈ சேர்ந்து ஒலித்தால் உறுமல்தான் கேட்கும். சி மட்டும் இடக்கையில் இருக்கட்டும். வலக்கையில், நடு சி கட்டைக்கு மேலே, கட்டைவிரலில் ஈ, ஆள்காட்டியில் ஜி, சுண்டுவிரலில் டி.

நாங்கள் கேட்பது: 41 முதல் 46 வரையுள்ள பக்கங்களுக்குத் திருத்தத் தாள், மறுபதிவு செய்த ஒலிக்கோப்பு, 12 பிரதிகளுக்கும் மாற்றுப் பிரதி. இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவோம். ரசீது நகலும், பிழைகளைச் சிவப்பு மையில் குறித்த பக்கங்களின் நகலும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
வகுப்பு ஆசிரியர்கள்