முற்றத்துக்கு வந்த ஆர்கன்

லிங்கன், நெப்ராஸ்கா

அன்புள்ள சுந்தரம்,

கண்புரை அறுவை முடிந்து நீயே கைப்பட எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து கல்லூரி நாளில்கூட இவ்வளவு திருத்தமாக இருந்ததில்லை! நான் இன்னும் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். பேரன் பள்ளிக்குப் போனதும் பேச ஆளில்லை, நூலகமே கதி.

அங்கே பழைய புகைப்படங்களில் சிக்கிக்கொண்டேன். இம்மாநிலத்தின் நடுவே கஸ்டர் கவுண்டி (நம் மாவட்டம் போல) இருக்கிறது, 1877-இல் அமைந்தது. அன்று 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர்செய்தால் 160 ஏக்கர் சொந்தம். இலவச நிலம் என்கிறார்கள். நெப்ராஸ்காவில் வாழ்ந்த பானி பழங்குடியினர் 1870-களில் ஒக்லஹோமா பக்கம் போக நேர்ந்ததை அந்த இலவசக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

வந்தவர்களுக்கு வீடு கட்ட மரமில்லை, எங்கும் புல்தான். வேர் பின்னிக் கிடந்த தரையைக் கலப்பையால் பட்டை பட்டையாகப் பெயர்த்து, துண்டுகளாக வெட்டி, புல் கீழே இருக்கும்படி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். நம் மண்சுவர் போலக் குழைத்து வைப்பதல்ல. கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. மழைதான் வினை: வெளியே விட்ட பிறகும் வீட்டுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கும். கூரையிலிருந்து மண்ணும், சமயத்தில் பாம்பும் விழும் என்று அடியில் துணி கட்டினார்களாம்.

இவர்களைப் படமெடுத்தவர் சாலமன் புட்சர். 1880-இல் நிலம் தேடி வந்தவர்; விவசாயம் ஒத்துவரவில்லை. 1886 முதல் வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார். 1899-இல் வீடு எரிந்து குறிப்புகள் எல்லாம் போயின. படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் மட்டும் தப்பின. மனிதர் விடவில்லை, 1901-இல் கவுண்டி வரலாற்றைப் புத்தகமாகப் போட்டுவிட்டார்.

அவர் எடுத்த ஹில்டன் குடும்பப் படத்தைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். அந்த வீட்டு அம்மாளிடம் ஆர்கன் என்ற இசைக்கருவி இருந்தது. ஊரில் உள்ள உறவினருக்கு ஆர்கன் தெரிய வேண்டும், புல்கட்டி வீடு தெரியக் கூடாது. அதனால் அதை வெட்டவெளிக்கு இழுத்துவந்து, சுற்றிக் குடும்பம் நிற்கிறது. எடுத்து முடித்ததும் மறுபடி உள்ளே சுமந்திருப்பார்கள், பாவம்.

நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் போன மாதம் உனக்கு அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. சிவப்புக் கார்மேல் கைவைத்து நிற்கிறேனே, அது பக்கத்து வீட்டுக்காரருடையது.

முழங்கால் வலி தேவலை. ஆகஸ்டில் வருகிறேன்.

உன்,
ராமநாதன்