சத்தமே இல்லாத துப்பாக்கிச் சண்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபி பயிற்சியை மட்டும் ஏமாற்றாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். இங்கே பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. தம்பி வீட்டு வேலை மட்டும் கம்பி கட்டியதோடு நிற்கிறது.

இப்போது வரும் சண்டைப் படங்களைப் பார்த்தால் தலைவலிதான் மிச்சம் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் கட்டிலில் படுத்திருக்கும்போதே 1976-இல் வந்த ‘அசால்ட் ஆன் பிரீசிங்ட் 13’ படத்தைப் பார்த்துவிடு. இயக்கியவர் ஜான் கார்ப்பென்டர். அவர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ பற்றித்தான் பேசுவார்கள். அதற்குமுன் எடுத்த இது பின்னால் போய்விட்டது. அமெரிக்காவிலேயே முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மறு வருடம் லண்டன் திரைப்பட விழாவில் காட்டிய பிறகுதான் மதிப்பு ஏறியது.

லாஸ் ஏஞ்சல்ஸில், மூடப்படவிருக்கும் ஒரு காவல் நிலையம். கடைசி இரவுப் பொறுப்புக்கு பிஷப் என்ற கறுப்பின அதிகாரி வருகிறார். அதே பேட்டையில் வளர்ந்தவர். கைதிகளை ஏற்றிவந்த பஸ், ஒருவனுக்கு உடம்பு முடியாததால் அங்கே நிற்கிறது. அப்போது ஒருவர் வெறிபிடித்தாற்போல் உள்ளே ஓடிவருகிறார். ஐஸ்கிரீம் வண்டியருகே அவருடைய சின்ன மகளை ஒருவன் சுட்டுக் கொன்றிருக்கிறான். இவர் துரத்திப் போய் அவனைத் தீர்த்துவிட்டார். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை. செத்தவனுடைய கும்பல் நிலையத்தை வளைக்கிறது. ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் வாய் திறக்காமல் கிடக்கிறார்!

அந்த ஐஸ்கிரீம் வண்டிக் காட்சியைப் பேத்தியை அருகில் வைத்துக்கொண்டு பார்க்காதே. தணிக்கையாளர்கள் அதற்குத்தான் முரண்டு பிடித்தார்கள். அவர்களுக்கு அனுப்பிய பிரதியில் மட்டும் அதை வெட்டிவிட்டு, தியேட்டருக்கு முழுசாக அனுப்பிய கில்லாடி கார்ப்பென்டர்.

செலவு மொத்தமே சுமார் ஒரு லட்சம் டாலர்தான். எழுத்து, இயக்கம், இசை எல்லாம் அவரே. படத்தொகுப்பும் அவர்தான், ஆனால் அதற்குப் போட்டுக்கொண்ட பெயர் ஜான் டி. சான்ஸ். 1959-இல் வந்த ‘ரியோ பிராவோ’ என்ற கௌபாய் படத்தில் ஜான் வெய்ன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் அது. முற்றுகைக் கதையையும் அங்கிருந்துதான் எடுத்தார், கடனை ஒளிக்கவில்லை. இசை என்பது சின்தசைசரில் திரும்பத் திரும்ப வரும் நாலைந்து சுரங்கள். ஒரு வாரம் காதைவிட்டுப் போகாது.

நான் உன்னிடம் சொல்ல வந்தது முதல் தாக்குதலைப் பற்றி. கும்பலின் துப்பாக்கிகளில் சத்தத்தை அடக்கும் குழாய் மாட்டியிருக்கிறது. வெடிச்சத்தம் கிடையாது. ஜன்னல் திரைத் தகடுகள் துள்ளுகின்றன, கண்ணாடி உதிர்கிறது, மேசைமேல் இருந்த காகிதங்கள் தாமாகவே எழுந்து பறக்கின்றன. சுடுபவனைக் காட்டவே வேண்டியதில்லை. பிறகு வெளியே கிடக்கும் பிணங்களையும் அப்புறப்படுத்திவிடுகிறார்கள். ரோந்து வண்டி வந்து பார்த்தால் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. கையில் காசில்லாதவன் யோசித்த யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. கோடி கொட்டியிருந்தால் நாலு காரைக் கொளுத்தியிருப்பார்கள்.

குறையும் உண்டு. முதல் அரை மணி நேரம் ஊர்கிறது. துணைப் பாத்திரங்களில் சிலர் வசனத்தை ஒப்பிக்கிறார்கள். ஆனால் நெப்போலியன் வில்சன் என்ற கொலைக் கைதியாக வரும் டார்வின் ஜாஸ்டனைப் பார். எதிரே வருகிறவரிடமெல்லாம் சிகரெட் கேட்கிறான். நிலைய ஊழியராக வரும் லாரி ஜிம்மருக்கும் அவனுக்கும் இடையே நடப்பதைக் காதல் என்று சொல்ல முடியாது, வேறு என்னவென்றும் சொல்லத் தெரியவில்லை.

2005-இல் ஈத்தன் ஹாக்கை வைத்து மறுபடி எடுத்தார்கள். அதில் முற்றுகையிடுபவர்கள் ஊழல் போலீஸ்காரர்கள். காரணத்தை விலாவாரியாக விளக்கியதில் பயம் போய்விட்டது. அதைத் தேடி அலையாதே.

பழையது ஒன்றரை மணி நேரம்தான். பார்த்துவிட்டு பிஷப்பா வில்சனா என்று எழுது. நீ பிஷப் பக்கம்தான் சாய்வாய், நான் விடமாட்டேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல். தை பிறந்ததும் வருகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்