பரணில் கிடைத்த நோட்டுகள்

மதுரை,
ஞாயிறு இரவு

மாப்ளே,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, தப்பு என்னுடையதுதான். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பேரனுக்கு மொட்டை போட்டாச்சா?

போன வாரம் வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தோம். என் பழைய நாட்குறிப்பு நோட்டுகள் எட்டும் கிடைத்தன. "கணக்கப்பிள்ளை உட்கார்ந்துட்டாரு" என்று நீ கத்துவாயே, அதே நோட்டுகள். இரண்டு ராத்திரி தூங்காமல் படித்தேன்.

மனசு சங்கடமாகிவிட்டது. எந்தக் கட்சி ஜெயிக்கும், நாடு எங்கே போகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். அது எதையும் இன்றைக்குப் படிக்க முடியவில்லை. ஆனால் 1993 நவம்பர், வைகையில் வெள்ளம் வந்த சமயம், மூன்றே வரி: "அப்பாவும் நானும் ஆற்றைப் பார்க்கப் போனோம். ஒரே கூட்டம். அப்பா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டே நின்றார்." எனக்கு அப்போது 29 வயது மாப்ளே! அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் பிடித்திருந்தது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. அந்த நோட்டு இல்லையென்றால் அது நடக்கவே இல்லை என்றுதான் ஆகியிருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன கேட்டார், இவர் என்ன பதில் சொன்னார் என்று அன்றன்றைக்கு நடந்ததை எழுதினார். அதனால்தான் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். கீழடி அருங்காட்சியகத்துக்குப் பேத்தியைக் கூட்டிப் போனேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பானை ஓட்டில் 'ஆதன்' என்று யாரோ கீறி வைத்த பெயர். அவள் அதை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

சரி, நானும் மறுபடி எழுதத் தொடங்கிவிட்டேன். தேதி, இடம், யார் வந்தார், அவர் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே. நேற்று அம்மா சொன்னது: "புளி பழசு, குழம்பு கறுத்துப்போச்சு." அதை எழுதி வைத்தேன். நீயும் எழுது. உன் ஊரில் என்ன விலை, பேரன் சோற்றை என்னவென்று சொல்கிறான், அது போதும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அப்புறம், ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. 1987 தை மாதம் ஒரு பக்கத்தில், "ஏ.வி. பாலத்தில் அவனோடு ராத்திரி இரண்டு மணி வரை பேச்சு. இனி எல்லாம் மாறும்" என்று மட்டும் இருக்கிறது. அவன் நீதான், வேறு யார்? என்னடா பேசினோம்? எது மாறும் என்று சொன்னேன்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உனக்குக் கொஞ்சமாவது ஞாபகம் இருந்தால் உடனே எழுது.

உன் கணக்கப்பிள்ளை